உயர்ந்த நாற்காலியும் குப்பி விளக்கும்

மருத்துவ மாணவர்கள் எந்தக் கற்பித்தல் முறையை விரும்புகிறார்கள்? எமது பல்கலைக்கழக வட்டாரங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. விரிவுரையையா, சிறு குழு உரையாடலையா, நோயாளியின் கட்டிலருகே நடைபெறும் பாடத்தையா, அறுவைக்கூடத்துப் பயிற்சியையா, அல்லது கணினித் திரையின் முன் தனித்திருந்து கற்பதையா? வினாக்கொத்து ஒன்று தயாராகிறது. மாணவர் புள்ளடி இடுகின்றனர். புள்ளடிகள் எண்ணப்படுகின்றன, நூற்றுவீதங்கள் கணிக்கப்படுகின்றன, கருத்தரங்கொன்றிலே கட்டுரை வாசிக்கப்படுகிறது, தேநீருடன் கூட்டம் கலைகிறது. அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அதே மண்டபத்தில், அதே விரிவுரை, அதே தொனியில் நடைபெறுகிறது.

கேள்வி தவறானதென்று நாம் கூறவில்லை. கற்பவனையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றியதே ஒரு முன்னேற்றந்தான். ஆனால், கிடைக்கும் விடையை வைத்து நடத்தப்படும் வாதங்கள்தாம் எமக்கு உடன்பாடற்றவை. ஒரு சாரார், "பார்த்தீர்களா, மாணவர்களே விரிவுரையைத்தான் கேட்கிறார்கள், குறிப்பைத்தான் கேட்கிறார்கள். சிறு குழு என்பதெல்லாம் மேனாட்டு மோஸ்தர். ஊட்டினால்தான் உண்பார்கள், அது அவர்களுடைய இயல்பு" என்கின்றனர். மறுசாரார், "இல்லை, சிறு குழுவுக்கே கூடுதலான புள்ளடி விழுந்திருக்கிறது. ஆகவே கதிரைகளை வட்டமாகப் போட்டால் விவகாரம் முடிந்தது" என்கின்றனர். முரண்பட்டவர்கள் போலத் தோன்றும் இவ்விரு சாராரும் ஒரே தவற்றையே இழைக்கின்றனர். விருப்பம் என்பது மனிதனுடன் கூடப்பிறந்த மச்சம் என்று இருவரும் கருதுகின்றனர். அது எங்கிருந்து வந்தது, யார் அதை ஆக்கினார்கள் என்ற கேள்வியை இருவருமே கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதே எமது நோக்கம்.

யாழ்ப்பாணத்து மருத்துவ பீடத்தின் முதலாம் ஆண்டு வகுப்பில் வந்து அமரும் மாணவர் யார்? பத்து வயதில் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. பின்னர் சாதாரண தரம். அதன்பின் உயர்தரம். பாடசாலை முடிந்தவுடன் ரியூட்டரி. தகரக் கொட்டகையின் கீழ் நீண்ட வாங்குகளில் நெருக்கியடித்து நூறு பேர். முன்னால் ஒலிவாங்கியுடன் ஒருவர். கரும்பலகையிலே கடந்த கால வினாத்தாள். அங்கே கேள்வி கேட்பவன் நூறு பேருடைய நேரத்தைக் களவெடுப்பவன். எழுதுபவனே நல்ல மாணவன். இப்படிப் பத்து ஆண்டுகள் பழக்கப்பட்ட ஒருவரிடம், பதினொராம் ஆண்டில், "உமக்கு உரையாடல் விருப்பமா, குறிப்பு விருப்பமா?" என்று கேட்கிறோம். கூட்டிலே வளர்த்த கிளியிடம் வானத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

இந்த மண்ணிலே பரீட்சைப் புள்ளி வெறும் எண்ணாக இருந்ததுமில்லை. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது, மருத்துவ பீடத்தின் வாயிலில் நின்ற தமிழ் மாணவர்களின் வாழ்வு சில புள்ளிகளின் வித்தியாசத்தில் திசைமாறியது. அந்த மனக்கொதிப்பு ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றியது. புள்ளி என்பது இங்கே சோறு. புள்ளி என்பது மானம். சில காலங்களில் புள்ளி என்பது உயிர். பட்டம் பெற்ற பின்னும் அது விட்டபாடில்லை. இறுதிப் பரீட்சையின் தகுதி வரிசையிலே எங்கு நிற்கிறாய் என்பதே எந்த வைத்தியசாலையிற் பயிற்சிக்குப் போவாய் என்பதைத் தீர்மானிக்கிறது. இத்தகைய சூழலில் மாணவர் பரீட்சைக்கு உதவும் குறிப்பை விரும்பினால் அது சோம்பலா? சமுதாயம் எதைக் கேட்கிறதோ அதையே அவர் கொடுக்கிறார். மரம் வளைந்திருக்கிறதென்று மரத்தைக் குறை கூறுபவர், காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதென்று பார்ப்பதில்லை.

இன்னுமொன்று உண்டு. இதை எமது கல்விமான்கள் பேச விரும்புவதில்லை. பேசினால் வர்க்கத்தைப் பற்றிப் பேச நேரும். உயர்தரம் வரை உயிரியலைத் தமிழிற் கற்ற மாணவர், பீடத்தினுள் நுழைந்ததும் எல்லாவற்றையும் ஆங்கிலத்திற் கற்கவேண்டியவராகிறார். நகரத்துப் பெரிய கல்லூரியிற் படித்து, வீட்டிலே ஆங்கிலப் பத்திரிகை வாசித்து வளர்ந்தவருக்கு இது ஒரு படி ஏறுவது போன்றது. முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்தோ, தீவுப் பகுதியிலிருந்தோ, தோட்டத் தொழிலாளியின் லயத்திலிருந்தோ வந்தவருக்கு இது மதிலேறிக் குதிப்பது போன்றது. இவ்விருவரையும் ஒரே சிறு குழுவில் இருத்தி, "சரி, ஆங்கிலத்தில் விவாதியுங்கள்" என்றால் என்ன நடக்கும்? முதலாமவர் பேசுவார். இரண்டாமவர் தலைகுனிந்திருப்பார். அவருக்குத் தெரியாதது மருத்துவம் அன்று. அந்தக் கணத்தில் வாய்க்கு வராத ஒரு வினைச்சொல். ஆனால் அவருக்கு மருத்துவமே தெரியாதென்று குழு முடிவுகட்டும். நாளடைவில் அவரும் அப்படியே நம்பிவிடுவார்.

விரிவுரை மண்டபத்திலோ யாரும் அவரைப் பார்ப்பதில்லை. குறிப்பை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய், அகராதியைப் பக்கத்தில் வைத்து, மூன்று முறை வாசித்து விளங்கிக்கொள்ளலாம். ஆகவே அவர் விரிவுரைக்குப் புள்ளடி இடுகிறார். அது முறையின் மீதுள்ள காதல் அன்று. அவமானத்திலிருந்து தப்புவதற்கான புகலிடம். இந்தப் புகலிடத்தை நூற்றுவீதமாக்கி, "எமது மாணவர்கள் சுறுசுறுப்பான கற்றலை விரும்புவதில்லை" என்று தலைப்பிடுவது அறிவியல் ஆகாது.

விருப்பத்தையும் கற்றலையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பதை அறிவியலே காட்டியிருக்கிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, விஞ்ஞானம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் நடத்தப்பட்ட 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கியது. மாணவர் செயற்பட்டுக் கற்கும் வகுப்புகளோடு ஒப்பிடுகையில், விரிவுரையை மட்டும் கேட்கும் வகுப்புகளில் தோல்வியுறும் வாய்ப்பு ஒன்றரை மடங்காக இருந்தது. 2019இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் மாணவரிடையே நடந்த ஆய்வு மேலும் சுவையானது. ஒரே பாடத்தை ஒரு பகுதியினர் தேர்ந்த விரிவுரையாளர் சொல்லக் கேட்டனர். மற்றப் பகுதியினர் குழுவாக இருந்து பிரச்சினைகளைத் தாமே தீர்த்துக் கற்றனர். பரீட்சித்துப் பார்த்தபோது இரண்டாம் பகுதியினரே கூடுதலாகக் கற்றிருந்தனர். ஆயினும் தாம் குறைவாகவே கற்றதாக அவர்கள் எண்ணினர். விரிவுரை கேட்டவர்களோ தாம் நிறையக் கற்றதாக நம்பினர். வழுக்கிக்கொண்டு ஓடும் பேச்சு விளங்கியது போன்ற மயக்கத்தைத் தருகிறது. முட்டிமோதிக் கற்பது தெரியாமையின் உறுத்தலைத் தருகிறது. உலகத்துச் செல்வம் குவிந்த பல்கலைக்கழகத்திலேயே இந்த மயக்கம் உண்டென்றால், எமது மாணவரை மட்டும் "ஊட்டி வளர்ந்தவர்கள்" என்று பழிப்பது என்ன நியாயம்?

"அப்படியானால் மாணவரைக் கேட்கவே வேண்டாம் அல்லவா?" என்று சிலர் இப்போது மகிழ்ச்சியுடன் எழுந்து நிற்கக்கூடும். அவர்கள் அமர்க. அதிகாரத்துக்குச் சாதகமான முடிவை இவ்வளவு அவசரமாக எடுக்கலாகாது. நாம் கூறுவது வேறு. "எதை விரும்புகிறீர்?" என்று மட்டும் கேளாமல், "எங்கே உண்மையாகக் கற்றீர்? எங்கே அஞ்சினீர்? எங்கே வாய் திறக்க முடியாதிருந்தது?" என்றும் கேட்க வேண்டும் என்கிறோம்.

அச்சத்துக்கும் மருத்துவக் கல்விக்கும் உள்ள உறவு நேற்றையதன்று. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நூற்றாண்டுகளாக உடற்கூற்றியல் எப்படிக் கற்பிக்கப்பட்டது? பேராசிரியர் உயர்ந்த நாற்காலியொன்றில் அமர்ந்து கலெனின் நூலை இலத்தீனில் வாசிப்பார். கீழே, நாவிதத் தொழிலாளி ஒருவன் பிணத்தை அறுப்பான். வாசிப்பவர் தொடுவதில்லை, தொடுபவனுக்கு வாசிக்கத் தெரியாது. மாணவன் மேலே பார்ப்பதா, கீழே பார்ப்பதா என்று தெரியாமல் நிற்பான். நூல் கூறியது ஒன்று, பிணம் காட்டியது வேறொன்று. எனினும் நூலே சரியென்று கொள்ளப்பட்டது. பதுவா நகரில் கற்பித்த வெசாலியஸ் அந்த நாற்காலியிலிருந்து இறங்கினார். தாமே கத்தியை எடுத்தார். 1543இல் அவர் வெளியிட்ட மனித உடலமைப்பு நூலின் முகப்புப் படத்திலே, சுற்றிலும் கூட்டம் நெருக்க, பிணத்தின் மீது கைவைத்தவராக அவரே நிற்கிறார். நவீன மருத்துவத்தின் பிறப்பு ஒரு நாற்காலியிலிருந்து இறங்கியதில் நிகழ்ந்தது என்றால் மிகையாகாது. பின்னர் ஒஸ்லர் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸிலே மாணவரை வாட்டுக்குள் அழைத்துச் சென்றதும், 1969இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 20 மாணவருடன் பிரச்சினையை மையமாகக் கொண்ட கற்றலைத் தொடங்கியதும் அந்த இறக்கத்தின் அடுத்த படிகளே.

இவற்றையெல்லாம் மேனாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோர் எமது சொந்த வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். மானிப்பாய்க்குப் போவோம்.

1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டிலேயே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். பாடநூல் இல்லை, ஆகவே தம் மாணவரையும் தமிழறிந்தோரையும் துணைக்கொண்டு நூல்களை ஆக்கினார். 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம் என்று அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. சிறிய வகுப்பு, பக்கத்திலேயே மருந்துச்சாலை, காலையிற் படித்ததை அன்றே நோயாளியிடம் காணலாம். அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களுள் முப்பதுக்கு மேற்பட்டோர் தமிழிலேயே மருத்துவம் பயின்றவர்கள். சிறு குழு, கட்டிலருகே பாடம், தாய்மொழி: இன்று புதுமையென்று பேசப்படும் மூன்றும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் மானிப்பாயில் இருந்தன.

கிறீனைத் தெய்வமாக்குவது எமது நோக்கமன்று. அவர் மதம் பரப்ப வந்தவர். அதை அவர் ஒளித்ததுமில்லை. ஆயினும் அவர் தமிழுக்கு மாறிய காரணம் சிந்திக்கத்தக்கது. ஆங்கிலத்திற் கற்றவன் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டுப் போவான். தமிழிற் கற்றவன் ஊர் மக்களிடையே இருந்து வைத்தியம் பார்ப்பான் என்பது அவருடைய கணக்கு. அன்றைய மாணவரிடம் ஒரு வினாக்கொத்தை நீட்டி, "எந்த மொழியிற் கற்க விருப்பம்?" என்று கேட்டிருந்தால் புள்ளடி எங்கே விழுந்திருக்கும்? ஐயமென்ன, ஆங்கிலத்துக்கே விழுந்திருக்கும். சம்பளமும் கௌரவமும் ஆங்கிலத்தில் இருந்தன. ஆகவே விருப்பமும் அங்கேயே இருந்தது.

கிறீன் 1873இல் ஊர் திரும்பினார். அவர் வளர்த்த தமிழ் மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. நூல்கள் பிழையானவை என்பதால் அன்று. மாணவர் திறமையற்றோர் என்பதாலுமன்று. 1870இல் கொழும்பில் ஆங்கிலத்தில் மருத்துவக் கல்லூரி எழுந்தது. குடியேற்ற அரசின் உத்தியோகங்கள் அந்தக் கதவு வழியே திறந்தன. இந்தியாவிலும் இதுவே நடந்தது. கல்கத்தாவில் 1822 முதல் நாட்டு மொழிகளில் மருத்துவம் கற்பித்த நிலையம் 1835இல் மூடப்பட்டு, அதனிடத்தில் ஆங்கில வழி மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சிறந்த கற்பித்தல் முறையொன்று தன் சிறப்பினால் மட்டும் வாழ்ந்துவிடாது. அதைச் சுற்றியுள்ள பரீட்சையும் பதவியும் சமுதாய மதிப்பும் எதிர்த்திசையில் இழுத்தால், முறை சாகும். நூல்கள் நூலகத்து அலுமாரியில் உறங்கும். கதிரைகளை வட்டமாகப் போடுவதோடு நிற்கும் சீர்திருத்தக்காரர் மானிப்பாயிடமிருந்து கற்கவேண்டிய பாடம் இது.

இனி இன்றைய வாட்டுக்கு வருவோம். குறித்த ஒரு வைத்தியசாலையைச் சுட்டாமலே சொல்கிறோம்; வாட்டிலே நின்றவர் யாவரும் அறிந்த காட்சி இது. கட்டிலில் ஒரு மூதாட்டி. சுற்றிலும் வெள்ளைச் சட்டை அணிந்த இருபது பேர். முன்வரிசையில் நால்வருக்கு நோயாளி தெரிகிறார்; மற்றோருக்கு முன்னாலுள்ளவரின் முதுகு தெரிகிறது. வைத்திய நிபுணர் ஆங்கிலத்தில் ஒருவரைப் பார்த்துக் கேள்வி எறிகிறார். அவர் தடுமாறுகிறார். ஒரு கேலி. சிலர் சிரிக்கின்றனர், சிரித்தவர்கள் அடுத்தது தம் முறையோ என்று அஞ்சியும் நிற்கின்றனர். மூதாட்டி எல்லோருடைய முகத்தையும் மாறிமாறிப் பார்க்கிறார். தன்னுடைய உடலைப் பற்றித் தனக்கு விளங்காத மொழியில் என்னவோ தீர்ப்பாகிறதென்பது மட்டும் அவருக்குத் தெரிகிறது. உயர்ந்த நாற்காலி ஒழிந்துவிட்டதென்று யார் சொன்னார்கள்? அதற்குக் கால் முளைத்து வாட்டுக்குள் வந்துவிட்டது.

அந்த மூதாட்டியின் நோய் எந்த மொழியில் இருக்கிறது? "களைக்குது ராசா" என்கிறார் அவர். நூலறிவு மட்டுமுடைய மாணவர் அதைச் சோர்வென்று குறித்துக்கொள்கிறார். ஆனால் எமது கிராமத்துப் பேச்சில் களைப்பு என்பது பல வேளைகளில் மூச்சு வாங்குவது. சோர்வு வேறு, இருதயம் தளர்ந்து மூச்சு முட்டுவது வேறு. "நாரி உளையுது" என்றால் எங்கே நோகிறது? "அந்தரமாய்க் கிடக்கு" என்பது நெஞ்சின் பதற்றமா, மனத்தின் பதற்றமா, இரண்டுமா? ஓங்காளத்துக்கும் சத்திக்கும் என்ன வேறுபாடு? "தொய்வு எழும்புது" என்று தாய் சொல்லும்போது பிள்ளைக்கு நடப்பது யாது? இவற்றை எந்த ஆங்கில விரிவுரையும் கற்பிக்காது. எந்தக் கணினித் திரையும் காட்டாது. கட்டிலருகே இருந்து, பொறுமையாகக் கேட்டு, மறுபடியும் கேட்டுத்தான் கற்கவேண்டும். இன்று யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலே தென்னிலங்கையிலிருந்து வந்த சிங்கள மாணவரும் பயில்கின்றனர். அவர்களுக்கு இந்தச் சொற்களைக் கற்றுக்கொடுக்கத்தக்க ஆசிரியர் யார்? கட்டிலிற் கிடக்கும் அந்த மூதாட்டிதான். அவரை ஆசிரியராகக் கொள்ளாத கல்வி, அவரைப் பாடப்பொருளாக மட்டுமே கொள்ளும்.

ஆங்கிலத்தை எறிந்துவிட வேண்டும் என்று நாம் கூறுவதாக யாரும் திரிக்க வேண்டாம். உலக மருத்துவ அறிவின் பெரும் பகுதி அம்மொழியில் இருக்கிறது. அதை எமது பிள்ளைகள் அடைந்தே தீரவேண்டும். ஆனால் அறிவைப் பெறும் மொழி ஒன்றாக இருக்க, சிந்தித்துத் தெளியும் மொழி மற்றொன்றாக இருக்கலாம். இதை மாணவர்கள் எம்மிடம் கேளாமலே நிரூபித்துவிட்டனர். எங்கே? குப்பியில்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் பயின்றோர் யாவரும் அறிந்த சொல் இது. மூத்த மாணவரோ, விளங்கிக்கொண்ட சக மாணவரோ, ஐந்தாறு பேரைச் சுற்றி இருத்தி, பாடத்தை அவிழ்த்துச் சொல்வதற்குக் குப்பி என்று பெயர். எண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்தோடு இப்பெயரைச் சேர்த்துச் சொல்வதுண்டு. யாழ்ப்பாணத்தவருக்கு அந்த விளக்கைப் பற்றி யாரும் விளக்கவேண்டியதில்லை. 1990 தொடக்கம் ஆண்டுக்கணக்காகக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடையிற் சிக்கியது. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டு, பஞ்சும் திரியுமாய் ஏற்றிய சிறு சுடரைச் சுற்றி ஒரு தலைமுறை படித்தது. எண்ணெயைப் பங்கிட்டதால் வெளிச்சத்தைப் பங்கிட்டனர். வெளிச்சத்தைப் பங்கிட்டதால் பாடத்தையும் பங்கிட்டனர்.

குப்பியில் நடப்பதைக் கவனியுங்கள். கூட்டம் சிறியது. ஆங்கிலச் சொல் அப்படியே நிற்க, விளக்கம் தமிழில் ஓடுகிறது. "விளங்கேல்லை, திருப்பிச் சொல்லுங்கோ அண்ணை" என்று தயக்கமின்றிக் கேட்கலாம். யாரும் சிரிப்பதில்லை. சொல்லிக் கொடுப்பவரும் சொல்லிக் கொடுப்பதனாற் கற்கிறார். இதை எந்தப் பேராசிரியரும் விதிக்கவில்லை. எந்த வெளிநாட்டு நிபுணரும் இறக்குமதி செய்யவில்லை. ஒரு சதமும் செலவில்லை. மாணவர் தம் கால்களால் இட்ட புள்ளடி இது! இரவு பத்து மணிக்கு, உறக்கத்தை விட்டு, அழைப்போ கட்டாயமோ இன்றி அவர்கள் போய் அமரும் இடம் எதுவோ அதுவே அவர்களுடைய உண்மையான விருப்பம். பகலில் வினாக்கொத்துக்கு இட்ட புள்ளடியோ அச்சத்தின் கையெழுத்து.

குப்பியிலும் குறை இல்லாமலில்லை. கடந்த கால வினாத்தாளே அங்கும் வேதம். மூத்தவரின் பிழை இளையவரின் பிழையாகத் தொடர்வதும் உண்டு. ஏன்? பரீட்சை அங்கும் நிழலாக நிற்கிறது. பரீட்சை மாறாத வரையில் குப்பியும் ஓரளவுக்கு ரியூட்டரியாகவே இருக்கும். முறையை மாற்றுவோர் பரீட்சையை மாற்ற வேண்டும் என்று நாம் அழுத்திக் கூறுவது இதனாற்றான்.

"எல்லாம் சரி; ஆசிரியர் தொகை போதாது, பணம் போதாது, கட்டடம் போதாது" என்பர் நிர்வாகிகள். இல்லாமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் இல்லாமையை யாழ்ப்பாணத்துக்குக் கற்பிக்க முயல வேண்டாம். இந்த மருத்துவ பீடம் 1978இல் கைதடியில் இரவற் கட்டடத்திலே தொடங்கியது. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் புகுந்து வைத்தியரையும் தாதியரையும் ஊழியரையும் நோயாளரையும் சுட்டுக் கொன்ற பின்னரும் அந்த வாட்டுகளில் வைத்தியமும் கல்வியும் மீண்டும் எழுந்தன. 1995இல் நகரம் முழுவதுமே இடம்பெயர்ந்த பின்னரும் மாணவர் திரும்பி வந்து படித்தனர். குறைந்தது பணமாக இருக்கலாம். கற்கும் மனம் ஒருபோதும் குறைந்ததில்லை.

உண்மையில் இங்கே குறைந்திருப்பது கேள்வி கேட்கும் உரிமை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. இப்பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம, மனிதவுரிமைகளை மிதித்தோர் எந்தத் தரப்பினராயினும் அவர்களைக் கேள்வி கேட்டவர். 1989 செப்தெம்பர் 21ஆம் நாள், பணி முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓர் ஆசிரியை கேள்வி கேட்டதற்கு உயிரை விலையாகக் கொடுத்த மண்ணில், மௌனம் ஒரு வாழும் முறையாகப் படிந்துவிட்டதில் வியப்பில்லை. துப்பாக்கிகள் ஓய்ந்தும் ஆண்டுகள் பல கடந்துவிட்டன. விரிவுரை மண்டபத்தின் மௌனம் மட்டும் ஏன் இன்னும் ஒழுக்கம் என்ற பெயரில் போற்றப்படுகிறது? கேள்வி கேளாத மாணவர் நாளை கேள்வி கேளாத வைத்தியராவார். நோயாளி தன்னைக் கேள்வி கேட்பதையும் பொறாதவராவார். மருந்துச் சீட்டை நீட்டி, "அடுத்த ஆள்" என்று கூப்பிடும் குரல் எங்கே பயின்றது என்று நினைக்கிறீர்கள்? மூன்று நிமிடத்தில் முடிந்துபோகும் அந்தச் சந்திப்பின் முதல் ஒத்திகை விரிவுரை மண்டபத்திலேதான் நடந்தது.

ஆகவே எமது கோரிக்கைகள் இவை. விரிவுரையை ஒழிக்க வேண்டாம். ஒரு பாடத்தின் வரைபடத்தை விரித்துக் காட்ட நல்ல விரிவுரையைப்போற் பிறிதில்லை. ஆனால் அது வரைபடமாகவே இருக்கட்டும், ஊர் அன்று. கட்டிலருகே இருபது பேர் நிற்கும் கூத்து நிற்கட்டும். ஐந்தாறு பேராகப் பிரித்து, ஆசிரியரும் நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து கற்பிக்கட்டும். நோயாளியிடம் அவர் மொழியிற் கேட்டு அவருக்கு விளங்கச் சொல்லும் திறன், உடற்கூற்றியலுக்கு இணையாகப் பரீட்சிக்கப்படட்டும். முதலாண்டில் ஆங்கிலத்துக்குத் திண்டாடும் மாணவருக்குத் தமிழில் விளங்கிக்கொள்ளும் உரிமை கேலியின்றி வழங்கப்படட்டும். குப்பிக்குப் பீடத்திலே ஓர் அறையும், சொல்லிக் கொடுப்பவருக்கு ஒரு மதிப்பும் கொடுக்கப்படட்டும். பாடத்திட்டம் வகுக்கும் மேசையில் மாணவர் பிரதிநிதி அலங்காரத்துக்கன்றி வாக்குடன் அமரட்டும். புதிய முறையைப் புகுத்தும்போது, அது ஏன் கடினமாகத் தோன்றும் என்பதை மாணவருக்கு முதல் நாளே விளக்கட்டும். காரணம் தெரிந்தவர் கடினத்தைத் தாங்குவர். காரணம் மறைக்கப்பட்டவர் பழைய குறிப்பையே நாடுவர்.

இவை ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான வீட்டுப் பிரச்சினை என்று யாரும் எண்ண வேண்டாம். 1940களில் கன்னங்கரா முன்னின்று வென்றெடுத்த இலவசக் கல்வி ஏழையின் வரியில் நடக்கிறது. வைத்திய மாணவர் பயிலும் ஒவ்வொரு கட்டிலும் ஏழையின் கட்டில். வசதி படைத்தவர் தனியார் மருத்துவமனைக்குப் போய் விடுகிறார். அவருடைய வயிற்றை இருபது மாணவர் தட்டிப் பார்ப்பதில்லை. வலைஞரும் தோட்டக்காரரும் கூலித் தொழிலாளியும் தம் உடலையே பாடநூலாக விரித்து வைத்து எமது வைத்தியர்களை உருவாக்குகின்றனர். அந்தக் கடனுக்கு அவர்கள் கேட்கும் வட்டி பெரிதன்று. தம் பேச்சு விளங்கும் ஒரு வைத்தியர். தம் கேள்விக்குக் கோபிக்காத ஒரு வைத்தியர்.

அத்தகைய வைத்தியர் உயர்ந்த நாற்காலியின் நிழலில் வளரமாட்டார். நாற்காலியை இறக்குவோம். ஜாம் போத்தல் விளக்கின் மங்கிய ஒளியில் எமது பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்ததைப் பட்டப் பகலில், பீடத்தின் நடு மண்டபத்திற்குக் கொண்டுவருவோம். அதன் பின்னர் வினாக்கொத்தை நீட்டுங்கள். அப்போது விழும் புள்ளடியை நாமும் நம்புவோம்.